பின்வரிசை

நான்காவது ரக்அத்தின் கடைசி ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து நிமிர்ந்ததும் என் கணவர் உட்கார வேண்டும். உட்காரவில்லை. முட்டியில் கையை ஊன்றி ஐந்தாவதுக்கு எழுந்துகொண்டிருந்தார்.

அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு நான்கு சுற்றுதான். நான் பின்னால் உட்கார்ந்தபடி அவர் குதிகாலைப் பார்த்தேன்.

முன்னால் நின்று தொழவைப்பவர் தப்புச் செய்தால், பின்னால் நிற்கிற ஆண் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று குரல் கொடுப்பான். பெண் என்றால் குரல் கிடையாது. வலது கையால் இடது புறங்கையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்த ஒரு தட்டுக்குத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பேசிப் பத்து நாளாகிறது.

அவர் தையல்காரர். முன்னறைதான் கடை. வெட்டுவதும் தைப்பதும் அவர். காஜாவும் பட்டனும் என் பொறுப்பு. பத்து நாளைக்கு முன்னால், புது வேலையில் சேரப்போகிற ஒருவர் வந்து கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? இடது கை ஒரு இன்ச் குறைகிறதே என்று சொல்லிவிட்டேன்.

வந்தவர் சிரித்தார். "ஓ, இங்க அம்மாதான் மாஸ்டரா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

இவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இனிமேல் என் வேலையில் தப்புச் சொல்ல வராதே என்றார். எனக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அல்லாஹ் மேல சத்தியமா, இனி உங்க தப்பை என் வாயால சொல்ல மாட்டேன். கோட்டுல கை வைக்கிற எடத்துல காலை வச்சுத் தச்சாலும் சரி!"

அந்தச் சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். தெரிந்தேதான் செய்தேன். அவ்வளவு கோபம்.

அன்றிலிருந்து வீட்டில் தையல் மெஷின் மட்டும்தான் பேசியது. உப்பு வேண்டுமென்றால் உப்பு டப்பாவைப் பார்த்து இருமுவார். நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு அதை நகர்த்திவைப்பேன். மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன? முதலில் யார் வாயைத் திறப்பது என்பதுதானே விவகாரம்.

ஆனால் தொழுகையை விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அஸரைச் சேர்ந்துதான் தொழுகிறோம். சண்டை எங்களுக்குள், தொழுகை என்ன பாவம் செய்தது? அவர் முன்னால், நான் பின்னால். அஸரில் ஓதுவதும் சத்தமில்லாமல்தான். அதனால் பத்து நாளாக அவர் வாயிலிருந்து நான் கேட்டது 'அல்லாஹு அக்பர்', முடிவில் ஒரு ஸலாம், அவ்வளவே. அதைக் கேட்கவே ஆசையாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

ஸலாம் முடிந்த கையோடு நான் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவேன். நேற்று கதவையும் சாத்திக்கொண்டேன்.

இப்போது அவர் நேராக நின்றுவிட்டார்.

சத்தியம் செய்தது வாயைப் பற்றித்தான், கையைப் பற்றி இல்லை என்று காலையில் பாத்திரம் துலக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

தட்டினேன்.

மெதுவாகத் தட்டத்தான் நினைத்தேன். பத்து நாள் கோபமும் சேர்ந்து பளாரென்று விழுந்தது. தெருவில் போகிறவர்கள் யாரோ யாரையோ அறைந்ததாக நினைத்திருப்பார்கள்.

அவர் முதுகு அசையாமல் நின்றது. சரியான பிடிவாதக்காரர், அப்படியே நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். இல்லை, உட்கார்ந்தார். ஓத வேண்டியதை ஓதி, மறதிக்கான இரண்டு ஸஜ்தாவையும் செய்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் சொன்னார்.

நான் எழுந்து போகவில்லை.

அவர் பாயிலேயே என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தொழுது முடிஞ்சதும் நீ எழுந்து போயிடுவே. அதுக்குள்ள எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சதுல எண்ணிக்கை போயிடுச்சு. அந்தக் கோட்டுக் கை ஒரு இன்ச் குறைச்சல்தான். அன்னைக்கே பிரிச்சுத் தச்சுட்டேன்." சிரித்தார். "நீ பின்னால நிக்கிற வரைக்கும் என் தொழுகைக்கு ஒரு குறையும் வராது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பத்துப் பேருக்குச் சாப்பாடுதானே. போட்டால் போயிற்று.

"நேத்து நீங்க மூணுதான் தொழுதீங்க" என்றேன். வாயால்தான் சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தையே பார்த்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து, விட்டுப்போன நேற்றைய தொழுகைக்காகப் பாயை நேராக்கினார்.

"நீயும் வா. ரெண்டு பேருக்கும்தானே போச்சு."

"நான் நேத்தே உள்ள போய்த் தொழுதுட்டேன்."

உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பத்து நாளும் எனக்கு இவ்வளவு நீளமாக இல்லை.

"சரி" என்றார் கடைசியில். "அப்ப பின்னால உக்காந்து எண்ணு."

காதுவரை கையை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' சொல்லிக் கட்டினார். நான் அவர் குதிகாலைப் பார்த்தபடி விரலை மடக்க ஆரம்பித்தேன்.