அதே நீலம்

உடம்பு இளைக்கட்டும் என்று கம்ப நடன வகுப்பில் சேர்ந்தேன். கம்பத்தைக் கைகால்களால் கவ்வித் தலைகீழாகத் தொங்கச் சொல்வார்கள். நானோ கொடியில் போட்ட ஈரப் போர்வை மாதிரி வழுக்கி இறங்குவேன். கவ்விய இடமெல்லாம் நீலமாகக் கன்றிவிடும்.

லிஃப்டில் என் கையைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தமயந்தி, "அக்கா, உங்க வீட்டுக்காரர் அடிச்சாரா?" என்றாள்.

"அந்த மனுஷன் கரப்பான்பூச்சியையே அடிக்க மாட்டார். இது கம்பத்துல ஆடிப் பட்டது" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விலக்கி, தன் கையை என் கையருகே வைத்தாள். அதே நீலம்.

"நாளைக்கு அம்மா வர்றாங்க. நானும் அந்தக் கிளாஸுக்குத்தான் போறேன்னு சொல்லிக்கட்டுமா, அக்கா?"

எங்கள் மாடி வந்து கதவு திறந்தது. அதை மறுபடி மூடும் பொத்தானை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.