குலுக்கலில் விழுந்த வீடு

காலை வெயில் புது வீட்டின் வெறுந்தரையில் சதுரமாக விழுந்துகிடக்கிறது. சுவரில் இன்னும் பெயிண்ட் வாசம் போகவில்லை. ஊரில் அரசு கட்டிய எட்டு வீடுகளுக்கு அறுபது குடும்பங்கள் மனுப் போட்டு, குலுக்கலில் தங்கைக்குக் கிடைத்த வீடு இது. அக்காவின் சீட்டு வரவில்லை. மாமியார் வீட்டின் ஒற்றை அறையில் குறுக்கே சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பமும் இந்தப் பக்கம் இவள் குடும்பமுமாக ஒன்பது வருடம் ஓடிவிட்டது. தங்கை சமையலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடிச் சிரிக்கிறாள். அக்காவுக்கு வயிறு எரிகிறது. அது முகத்தில் தெரிந்துவிடாமல், “குழாய் கொஞ்சம் ஆடுதுடி” என்கிறாள். “ஆடினா ஆடட்டும்க்கா, எங்க குழாய்தானே!” அந்த ‘எங்க’ சுருக்கென்று குத்துகிறது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போகிறவள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறாள். நாலு சுவர், நடுவில் அவள் மட்டும். பெருக்கத் தோன்றவில்லை, அப்படியே நிற்கிறாள். வெளியே தங்கை கதவைத் தட்டுகிறாள்.

“அக்கா, உள்ள என்ன பண்றே?”

“தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாக்குறேன்.”

“விழுதா?”

“விழுது” என்கிறாள். திறக்கத்தான் கை எழவில்லை.