மூன்றாவது விநாடி

அணுக்கரு இணைவு உலையின் காந்த வளையத்துக்குள் எரியும் தீயைச் சூடேற்ற வேகத் துகள்களைச் செலுத்துவார்கள். அந்தத் துகள்களின் வேகத்தைத் தின்றே உள்ளே ஓர் அலை வளரும். வளர்ந்ததும் அவற்றையே சுவரில் வீசியடிக்கும். பதினோரு வருடமாக ஒவ்வொரு முயற்சியிலும் மூன்றாவது விநாடியிலேயே இது நடந்தது. அலை எழுந்தால் ஆய்வகத் தலைவி அமலோற்பவத்தின் மேசையில் இருக்கும் ஒலிபெருக்கி குருவிபோலக் கீச்சிடும். சுவர் உருகுவதற்குள் அவள் நிறுத்திவிடுவாள். இன்று கடைசி முயற்சி. நாளை ஆய்வகத்தை மூடுகிறார்கள். மூன்று, நான்கு, ஐந்து. கீச்சொலி இல்லை. “மேடம், சத்தமே வரல மேடம்!” எண்ணிக்கொண்டிருந்த பொறியாளர் குலசேகரன் அழுதேவிட்டான். அமலோற்பவம் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அதன் வயர் தரையில் கிடந்தது. அதைச் செருகியிருந்த பிளக் பாயிண்ட்டில் யாரோ டீக் கெட்டிலைச் செருகியிருந்தார்கள். கேமராத் திரையில், உட்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி அகலமாகிக்கொண்டிருந்தது. “ஆறு!” என்றான் குலசேகரன். பின்னால் எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். அவள் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல்தான் இருந்தது. “ஏழு சொல்லுங்க, குலசேகரன்,” என்றாள்.