மறந்து வைத்த குடை

"இன்னிக்கு எதைத் தொலைச்சீங்க?"

மகள் கேட்ட தோரணையிலேயே தீர்ப்பும் இருந்தது.

"தொலைக்கலைம்மா. கண்ணாடியை லைப்ரரியில வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அப்பா, நாற்காலியில் சாய்ந்தபடி.

"இந்த மனுஷனோட பெரிய ரோதனையாப் போச்சு!" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். லைப்ரரி நாலு தெரு தள்ளி. நேற்று மருந்துக்கடையில் பை, முந்தாநாள் சலூனில் செல்போன்.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறுபத்தெட்டு வயசுல அம்மாவை இப்படியா அலைய விடுவீங்க? நீங்களே போய் எடுத்துட்டு வந்தா என்ன?"

"நான் போனா அங்கே வேற எதையாவது வெச்சுட்டு வந்துடுவேனே!"

"நடக்கணும் மாமா. நடந்தாத்தான் மூளை நல்லா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை, சோபாவில் படுத்தபடி. நடைப்பயிற்சி பற்றித் தினமும் மூன்று வீடியோ அனுப்புகிற புண்ணியவான். அவர் ஆசையாக வாங்கிய டிரெட்மில்லில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"போன வாரம் ரெண்டு தடவை அடுப்பை அணைக்காம விட்டிருக்கீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்" என்றாள் மகள்.

டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொல்லி, பத்து நிமிடம் கழித்துக் கேட்டார். அப்பா ஐந்தையும் வரிசையாகச் சொன்னார். பிறகு தலைகீழாகவும் சொன்னார்.

"இவருக்கு ஒண்ணுமே இல்லை. அம்மா எப்படி இருக்காங்க? தினமும் நடக்கறாங்களா?" என்றார் டாக்டர்.

"அம்மாவா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"ஆறு மாசம் முன்னாடி அவளை இங்கே கூட்டிட்டு வந்தேன். ஞாபகம் நழுவ ஆரம்பிச்சிருக்கு, தினம் முக்கால் மணி நேரமாவது நடக்கணும்னார் டாக்டர். எனக்கென்ன கேடுன்னுட்டா. தனக்காக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா. எனக்காகன்னா திட்டிக்கிட்டே ஊரைச் சுத்துவா."

"அப்போ... அந்த அடுப்பு?"

"அவதான். தெரிஞ்சா பயந்துடுவாளேன்னு, நான்னு சொல்லிட்டேன்."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொன்னா அவளுக்கும் வீடியோ அனுப்புவீங்க."

வீட்டு வாசலிலேயே காத்திருந்தாள் அம்மா. முகம் வெளிறியிருந்தது. "டாக்டர் என்னடி சொன்னார்? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லைம்மா. நல்லா இருக்கார்."

"அப்பாடா! இன்னிக்காவது எதையும் மறக்காம வந்தாரா?"

"அவர் மறக்கலை" என்றாள் மகள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமல். "நான்தான் குடையை அங்கேயே வெச்சுட்டு வந்துட்டேன். கொஞ்சம் போய் எடுத்துட்டு வர்றியாம்மா?"