இருநூறு துண்டு

பீடத்துக்கு முன்னால் நின்று என் வீட்டுக்காரர் தின்றுகொண்டே இருந்தார். சபை முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்துவிட்டது. ஆசீர்வாதம் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் தட்டு காலியாகாமல் எப்படிச் சொல்வார்? ஜெபம் பண்ணிய அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, வெளியே கொட்டவும் கூடாது. மிஞ்சியதை அங்கேயே நின்று, திருவிருந்து கொடுத்த பாதிரி ஐயர்தான் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இந்தச் சபைக்கு இப்போது ஐயர் இவர்தான்.

மற்ற கோயில்களில் ஐந்தாறு துண்டு மிஞ்சும். இங்கே தட்டு நிறைய மிஞ்சியிருந்தது.

இருநூறு பேருக்கு வெட்டி வைத்த புண்ணியவதி நான்.

போன வாரம் வரைக்கும் எட்டு மாதம் இவர் இங்கே டீக்கன், குருவுக்கு முந்தைய படி. டீக்கன் பிரசங்கம் பண்ணலாம், திருவிருந்து கொடுக்க முடியாது. அதற்குச் சுரண்டை ஐயர் வருவார். போன ஞாயிறுதான் பாளையங்கோட்டையில் இவருக்குக் குருப்பட்டம். ராயகிரியிலிருந்து என் மாமனார் வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வந்தார். நம் சபையும் இரண்டு பஸ்ஸில் வந்து கைதட்டியது.

ஆக, இன்றைக்குத்தான் இவர் கையால் முதல் திருவிருந்து. லெந்து என்கிற நாற்பது நாள் தவக்காலத்தின் முதல் ஞாயிறு வேறு. பூச்சாடிகளை எடுத்துவிட்டு, பீடத்துக்கு ஊதாத் துணி போட்டு, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து... என் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிப் பறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ரொட்டியின் ஓரங்களைச் சீவிக்கொண்டிருந்தேன். இவர் வாசற்படியில் வந்து நின்றார்.

“கொஞ்சமா வெட்டுட்டி. அது போதும்.”

முதல் திருவிருந்துக்கே கஞ்சத்தனமா, அங்கன போங்க என்று விரட்டிவிட்டேன். சீவிய ஓரங்களைப் பின்சுவரில் வைத்தேன். குற்றாலத்துக் குரங்குகள் வந்து எடுத்துக்கொண்டு போயின.

நம் சபையின் பக்தியைச் சொல்ல வேண்டும். புதன்கிழமை லெந்து பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் காபி தொடவில்லை. இரண்டாம் தம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கும் தொர்காள் டீச்சர்கூட, லெந்து முடிகிற வரைக்கும் விட்டாச்சு என்றார். கமிட்டிச் செயலாளர் அருமைநாயகம் அண்ணாச்சி தண்ணீர்கூட வேண்டாம் என்றார். உபவாசமாம். நான் பூரித்துப் போனேன். இப்படி ஒரு சபை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே!

இன்றைக்கும் அப்படித்தான். திருவிருந்துக்கு எழுந்து வாருங்கள் என்று இவர் கூப்பிட்டதும், கோயில் பெருக்கும் மாடத்தி அக்கா எழுந்தாள். பாங்கில் மாற்றலாகி இந்த வாரம் வந்த ஒரு குடும்பம் எழுந்தது. நான் எழுந்தேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பக்கத்தில் இருந்த தொர்காள் டீச்சரைத் தொட்டுக் கூப்பிட்டேன்.

“நம்மள நாமளே சோதிச்சுப் பாக்கணும்லா ஐயரம்மா. எனக்கு இன்னைக்குத் தகுதி இல்ல.”

எனக்குக் கூசிவிட்டது. இவ்வளவு தாழ்மையான சனத்துக்கு நடுவே நான் மட்டும் முண்டியடித்துக்கொண்டு போகிறேனே என்று நினைத்தேன். மண்டு! அப்படியேதான் நினைத்தேன்.

இவர் இரண்டு இரண்டு துண்டாக வாயில் போட்டு மென்றார். அப்புறம் நாலு நாலாகப் போட்டார். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை. அடைத்துக்கொண்டது. இருமினார். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் யாரோ மணி பார்த்தார்கள். மிஞ்சிய திராட்சரசத்தைக் குடித்து அடைத்ததை இறக்கிவிட்டு, மறுபடியும் தட்டில் கை வைத்தார்.

கடைசியில் தட்டிலிருந்த தூளைப் பாத்திரத்தில் தட்டி, தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடித்தார். திரும்பிக் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொன்னார். ஆமென் மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அருமைநாயகம் அண்ணாச்சி எனக்காக நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் திருவிருந்து வச்சிருவோம் ஐயரம்மா. சுரண்டை ஐயர் வாரேன்னுட்டாரு. எல்லாரும் எடுத்துக்கிடுவாவ.”

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தகுதி வந்துவிடுமா அண்ணாச்சி என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அதற்கும் சிரித்தார். “அப்பம் வெட்டுத வேலைய நீங்க பாக்க வேண்டாம். டீச்சர் வீட்டுல வெட்டிக் கொண்டாந்துருவாவ. உங்களுக்கு எதுக்குச் செரமம்?”

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். ஸ்ட்ராங்காக ஒரு காபி போடச் சொன்ன சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

போன ஞாயிறு, பந்தி போடும் நேரத்தில், அண்ணாச்சி என் மாமனாரின் தோளில் கை போட்டபடி ஒன்று கேட்டார். ராயகிரியில் நீங்கள் எந்தத் தெரு? எட்டு மாதமாக எங்களிடம் யாரும் கேட்காதது அது. மாமனார் சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தெரியாது, ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அண்ணாச்சி தோளிலிருந்து கையை எடுத்தார். அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது என்று சாப்பிடாமலே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அப்போது இவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் நேற்று வாசற்படியில் வந்து நின்றிருக்கிறார். கொஞ்சமாக வெட்டு என்று கெஞ்சியிருக்கிறார். பாவி நான், இருநூறு துண்டு வெட்டி, அத்தனையையும் அவர் தொண்டையில் திணித்திருக்கிறேன்.