மாதம் நூற்று நாற்பத்தொன்பது

போனை வைத்ததும் மிருதுளா பட்டியலில் அந்தப் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டாள்.

ஆறாவது கோடு.

ஒரு செயலியின் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து பத்துப் பேரை அழைத்திருந்தாள். நாலு பேர் எடுக்கவில்லை. எடுத்த ஆறு பேருக்கும் ஒரே குரல்.

கேள்வி கேட்டால் நாலைந்து நொடி அமைதி. பிறகு ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஓர் இயந்திரப் பேச்சு.

"ஆமாங்க. தினமும் பயன்படுத்துறேன்."

அடுத்த கேள்விக்குப் பதில் வருவதற்குள் அவளே வைத்துவிட்டாள். இயந்திரத்தோடு என்ன பேச்சு.

கோயம்புத்தூரில், புதிய நிறுவனங்களுக்கு முதலீடு தரும் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பணம் போவதற்கு முன்னால் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டும். முந்நூறு வாடிக்கையாளர்களும் ஒரே பூட்டிய வீட்டில் குடியிருப்பதாகக் காட்டிய ஒரு நிறுவனத்தை அவள்தான் பிடித்தாள்.

இது அதைவிடச் சின்னது. ஜோசுவா என்ற ஒரே ஆள் எழுதிய செயலி. தட்டச்சு செய்தால் வாசித்துக் காட்டும். விளம்பரத்துக்கு, வீடியோவுக்கு என்று அவன் முதலீடு கேட்ட மனுவில் எழுதியிருந்தான். அவ்வளவுதான். அதற்கு மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.

"போன்லயே சும்மா கிடைக்கிற சமாச்சாரம்," என்றார் மேலாளர் கிரிதரன். "இதுக்கு எவன் மாசாமாசம் காசு கட்டுவான்?"

ஆயிரத்து இருநூறு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் விலகியவர்கள் பதினோரு பேர்.

அதுதான் அவளை உறுத்தியது. பிடித்த சினிமாச் சந்தாவையே மனிதர்கள் மூன்று மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

ஜோசுவாவிடமே கேட்டாள்.

"தெரியல மேடம்," என்றான். "நல்லா இருக்குன்னுதானே கட்டுவாங்க?"

வாடிக்கையாளர்களே போலி என்ற சந்தேகம் அவளுக்கு உறுதியானது.

மறுநாள் காலை பெருந்துறைக்கு பஸ் ஏறினாள். ஆறாவது பெயருக்கு நேரே ஒரு விதைக்கடையின் முகவரி இருந்தது. போனால் காலி மனைதான் இருக்கும் என்று நினைத்தாள்.

கடை இருந்தது.

கல்லாவில் அறுபது வயதுக்காரர் ஒருவர். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. எதிரே ஒரு விவசாயி, வெண்டை விதைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை பாதி முளைக்கலீங்க, சென்னியப்பண்ணா."

சென்னியப்பன் போனை எடுத்தார். கட்டைவிரல் ஓடியது.

"விதையை மருந்து கலந்து நேர்த்தி பண்ணுனீங்களா, அப்படியே போட்டீங்களா?" என்றது போன்.

அதே குரல்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விவசாயி போனதும் உள்ளே சென்று, செயலியில் பணம் போடுவதற்கு முன் விசாரிக்க வந்ததாகச் சொன்னாள். நேற்று அழைத்தது நான்தான் என்றாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கழுத்துத் துணியைச் சற்று விலக்கினார். தொண்டைக் குழியில் ஒரு துளை.

"ஆபரேஷன்ல குரல்வளையை எடுத்து மூணு வருசமாச்சுங்க," என்றது போன். "ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கைக்காரரு இதைக் காட்டினாரு. அங்க வர்றவங்க நெறையப் பேரு இதைத்தான் வெச்சிருக்கோம்."

"சும்மா கிடைக்கிறது இருக்கே?"

"அதுல யாராச்சும் போன்ல கூப்பிட்டா பேச முடியாதுங்க. இதுல முடியுது."

அந்த வசதியை ஜோசுவா பட்டியலின் கடைசியில் அரை வரியில் சொல்லியிருந்தான். யாருக்கு அது தேவைப்படும் என்று அவனும் யோசித்திருக்கவில்லை. அவளும் யோசித்திருக்கவில்லை.

"நேத்து பாதியிலேயே வெச்சுட்டீங்க," என்றது போன். "நான் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் மறுபடி தட்டினார். அழித்தார். யோசித்துத் தட்டினார்.

"நீங்க பணம் போட்டா கட்டணம் ஏறுங்களா?"

முதல் வருடமே மாதம் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் ஆகும். அந்தக் கணக்கைப் போட்டவளே அவள்தான்.

"எனக்குத் தெரியலீங்க," என்றாள்.

அவர் புருவம் நெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல் திரையைக் குத்திக் குத்தி எழுதியது.

குரலில் எதுவும் மாறவில்லை.

"தெரியாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க."

வெளியே வந்து கிரிதரனை அழைத்தாள்.

"ஆளுங்க நிஜமா?"

"நிஜம் சார்."

"விலையை ஏத்துனா விட்டுட்டுப் போயிடுவாங்களா?"

"போக மாட்டாங்க சார். போக முடியாது."

"அட! அதைவிட நமக்கு என்ன வேணும்? அதையே எழுதுங்க."

எழுதினாள்.

வாடிக்கையாளர்கள் உண்மையானவர்கள். தொழில் உண்மையானது. முதலீடு செய்யலாம்.

கீழே ஒரு வரி சேர்த்தாள். குரல் இழந்தவர்களுக்குக் கட்டணம் ஒருபோதும் ஏறாது என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டும்.

திங்கட்கிழமை கிரிதரன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். லேப்டாப்பில் அந்த வரி திறந்திருந்தது.

"மிருதுளா, தப்பா நினைக்காதீங்க. அந்த விதைக்கடைக்காரர் உங்களுக்கு என்ன வேணும்? மாமாவா, சித்தப்பாவா?"

"அவர் எனக்கு யாருமில்ல சார். அந்த வரிதான் வேணும்."

கிரிதரனின் விரல் அழிக்கும் விசையின் மேல் இருந்தது.

அவர் வரியைப் பார்க்கவில்லை.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.