பித்தளைத் தூள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது வெங்கடம்மாக்கா. தொண்ணூற்றெட்டு தை மாசம், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில். கெடுதல் செஞ்சவங்களைத் தாயே கேக்கட்டும்னு மிளகாய் அரைக்கிறவர்கள் வரிசை அன்றைக்கு வாசல் வரைக்கும் நின்றது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு அவங்க வீட்டுக்காரர் கதை ஞாபகம் வந்துவிட்டது.

அவர் சென்னகேசவன். கோயமுத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் புரொபசர். நல்ல மனுசர்தான். ஆனால் யாரையும் லேசில் நம்ப மாட்டார். பால்காரர் எதிரிலேயே பாலில் விரலை விட்டு வழித்துப் பார்க்கிற ஆள்.

அவரிடம் புராஜெக்ட் செய்த பொண்ணு லோகப்பிரியா, சென்னிமலைக்காரி. ரேடாருக்கு ஆகிற ஆன்டெனா செய்தாள். பெட்டி மாதிரி நீளமான பித்தளைக் குழாய். மேல்பக்கம் பத்து ஸ்லாட், அதாவது கீறல் மாதிரித் துளை. குழாய்க்குள் ஓடுகிற அலை அந்தத் துளைகள் வழியாக வெளியே வரும். எப்படி வரும் என்பதை, குழாயைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் சாஃப்ட்வேரே கணக்குப் போட்டு கிராஃபாகக் காட்டிவிடும்.

அவள் கிராஃப் அழகாக வந்திருந்தது. அதே அளவில் குழாயும் செய்து லேபுக்கு வந்தது. சரஸ்வதி பூஜை லீவு முடிந்து குழாயில் அலையை விட்டு அளந்து பார்த்தால், அதுக்கும் கிராஃபுக்கும் ஒட்டவே இல்லை.

"இந்த கிராஃப் ஏது அம்மணி?"

"நான் போட்டதுங்க சார்."

"நீ போட்டதா, எங்கிருந்தாச்சும் எடுத்துப் போட்டதா? என் எதிர்ல மறுபடி ஓட்டு."

காலையில் ஓட ஆரம்பித்த கம்ப்யூட்டர் சாயங்காலம்தான் நின்றது. சார் டீக்குக்கூட எழவில்லை. அதே கிராஃப்தான் வந்தது.

மறுநாள் காலையில் சந்தேகம் பட்டறைப் பக்கம் திரும்பியது. ஸ்லாட் வெட்டிய நஞ்சப்பனுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, அளவு பிசகிப்போச்சா?"

"அளந்து பாருங்க சார். ஒரு நூல் பிசகியிருந்தா மிஷினையே எடைக்குப் போட்டுர்றேனுங்க."

அளந்தார். பிசகவில்லை.

"அப்பக் கம்ப்யூட்டர்லதான் என்னமோ தில்லுமுல்லு பண்ணியிருக்கறே," என்று லோகப்பிரியாவிடம் பாய்ந்தார். "நாளைக்கு வெளியூர் எக்ஸாமினர் வர்றாரு. அதுக்குள்ள இது ஒத்து வரலீன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். இன்னொரு வருசம் உக்காந்து படி."

அன்று மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பியவர், லேப் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருப்பதைப் பார்த்தார். எட்டிப் பார்த்தார்.

உள்ளே லோகப்பிரியா குழாயின் ஒரு முனையில் டார்ச் அடித்து என்னவோ பார்த்தாள். பிறகு ஊக்கை எடுத்து நடுவில் இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் விட்டுச் சுரண்டினாள். சுரண்டியதைக் கைக்குட்டையில் துடைத்தாள்.

"புடிச்சேன் பாரு! கிராஃபுக்கு ஏத்த மாதிரி துளையை ராவிப் பெருசாக்கறயா?"

"இல்லீங்க சார்... குப்பைங்க."

"புதுக் குழாயில ஏது குப்பை?"

அவள் கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"அதுல பித்தளைத் தூள் இருக்குது. குடு இங்கே!"

"வேண்டாங்க சார். இப்ப அளந்து பாருங்க, சரியா வந்துருமுங்க."

"ராவிப்போட்டா வராம என்ன செய்யும்?"

பிடுங்கி விரித்தார். மஞ்சளாகத்தான் இருந்தது. தொட்டார். மாவு மாதிரி உதிர்ந்தது. விரலை மூக்குக்குக் கொண்டு போனார்.

சந்தனம்.

சரஸ்வதி பூஜையன்று லேபில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவரேதான். "கஞ்சத்தனம் பண்ணாதீங்கப்பா," என்று பிள்ளைகளைச் சத்தம் போட்டுவிட்டு, குழாயின் நடுவில் மோதிர விரலால் அழுத்தி அப்பியதும் அவரேதான். மேலே இருந்ததைத் துடைத்துவிட்டார்கள். இரண்டு ஸ்லாட்டுக்குள் இறங்கியது காய்ந்து அடைத்துக்கொண்டது. பித்தளையும் மஞ்சள், சந்தனமும் மஞ்சள். யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"ஏம்மா சொல்லாம மறைச்சே?" குரல் இறங்கிப்போனது.

"சாமிக்குன்னு செஞ்சதுங்க சார். அதைப் போயித் தப்புன்னு எப்படிங்க சொல்றது? நாளைக்கு எக்ஸாமினர் கேட்டாலும் குப்பைன்னே சொல்லிப்போடறேனுங்க."

துடைத்த குழாயை அன்றைக்கே மறுபடி அளந்தார்கள்; கிராஃபோடு அப்படியே ஒத்து வந்தது. மறுநாள் எக்ஸாமினர் கேட்கத்தான் கேட்டார். "மொத ரீடிங் மட்டும் ஏன் இப்படி இருக்குது?"

லோகப்பிரியா வாயைத் திறக்கும் முன்னே சார் எழுந்து நின்றார்.

"அது என் விரலுங்க."

அக்கா சொல்லி முடிக்கவும், நாங்கள் நின்ற வரிசை மிளகாய் அரைக்கிற கல்லுக்கிட்டே வரவும் சரியாக இருந்தது.

உங்களையும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் கண்ணுகளா. யார் பேரையாச்சும் சொல்லி மிளகாய் அரைக்கக் கிளம்பறதுக்கு முன்னாடி, உங்க விரலை ஒருதடவை மோந்து பாத்துட்டுப் போங்க.